ஐம்பது நிமிடத்தில் சந்தை

மே 30, வியாழன்

நல்லம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்ட கையால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்ற தைரியத்தில் நேற்றிலிருந்து கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். இடது கையால் இந்த டைரியை எடுத்து என் மேல் எறிந்தாள்.

“உங்க நக்கலையெல்லாம் இதுல எழுதுங்க. என் காதுக்குக் கொஞ்சம் லீவு குடுங்க.”

டைரி, மருமகள் கோகிலா வேலை பார்க்கும் ஜவுளிக் கம்பெனியில் கொடுத்தது. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். நாற்பது வருஷம் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிங்கர். தகரத்தில் சாக்பீஸால் கோடு போட்ட கை. பேனா பிடித்தால் எழுத்து எழுத்தாக இல்லை, வெல்டிங் வைத்த மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

குளியலறையில் சோப்புத் தண்ணீர் வழுக்கி விழுந்தாள். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து டாக்டர் ரொம்ப நேரம் யோசித்தார். “நசுங்குன ஒடுக்கை எடுத்து, பட்டி பூசுனாச் சரியாயிரும் டாக்டர், பெயிண்ட் அடிக்க வேணாம்” என்றேன். டாக்டர் சிரித்தார். நல்லம்மா சிரிக்கவில்லை. ஆறு வாரத்துக்குக் கட்டு.

எலும்பு முறிந்ததற்குக்கூட அவள் அழவில்லை. மகன் சிவராஜ், “இனி காய்கறியெல்லாம் போன்ல சொல்லிக்கலாம்மா, வாசல்ல கொண்டாந்து குடுத்துருவான்” என்றபோதுதான் கண் கலங்கியது.

“ஞாயித்துக்கிழமை சந்தையை நான் யாருக்கும் எழுதிக் குடுக்கல. கட்டுப் பிரிச்சதும் நான்தான் போவேன்” என்றாள்.

பத்து வருஷத்துக்கு மேலாக ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குத்தான் வருவாள். நாலு பேர் தின்கிற காய்க்கு மூன்றரை மணி நேரம்! அந்த நேரத்தில் நான் ஒரு பஸ்ஸுக்கு ஒரு பக்கம் முழுக்கத் தகரம் அடித்துவிடுவேன்.

“போன் எதுக்கு? நான் போறேன். பாதி நேரத்துல வருவேன், உன்னைவிடக் கம்மிக் காசுல வாங்குவேன். பாக்கறியா?” என்றேன்.

கோகிலா கை தட்டினாள். நல்லம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?”

“ஒண்ணு பச்சையா இருக்கும். இன்னொண்ணு அதைவிடப் பச்சையா இருக்கும்.”

ஜூன் 2, ஞாயிறு

ஐம்பது நிமிடம். ஐம்பதே நிமிடம்! சைக்கிளில் போய், வாங்கி, வந்து, வாசலில் மணி அடித்தேன். கோகிலா ஓடி வந்து செல்போனில் நேரம் பார்த்தாள்.

ரகசியம் ஒன்றுமில்லை. சந்தைக்குள் நுழைந்ததும் முதல் கடையிலேயே எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். அந்தக் கடைக்காரன் என்னைப் பார்த்த பார்வை, மாமனார் புதுமாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை. தொள்ளாயிரத்துப் பத்து ரூபாய் ஆகிவிட்டது. நல்லம்மா எப்போதும் எழுநூறில் முடிப்பாள். அதுவும் இதைவிட இரண்டு மடங்கு சுமந்து வருவாள்.

தெரு முனையில் சைக்கிளை நிறுத்தி யோசித்தேன். என் பி.எஃப். பென்ஷன் சட்டைப் பையில் இருந்தது. என் காசு, என் பை. இருநூற்று எழுபதை அதிலிருந்து எடுத்துக் கணக்கை நேர் செய்துகொண்டேன்.

“எவ்வளவு மாமா ஆச்சு?” என்றாள் கோகிலா.

“அறுநூத்தி நாப்பது” என்றேன், ஏதோ சாதாரணமாகச் சொல்வதுபோல்.

சிவராஜ் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். அவன் ப்ளஸ் டூ பாஸ் பண்ணியபோது நான் அவனைப் பார்த்த மாதிரி இருந்தது.

நல்லம்மா ஒரு கத்திரிக்காயை எடுத்து இடது கைக் கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளேயிருந்து புழு எட்டிப் பார்த்தது.

“கறியும் சேத்து வாங்கியாந்திருக்கேன். அது ஓசி” என்றேன்.

ஜூன் 3, திங்கள்

கை வைத்த கத்திரிக்காயெல்லாம் குடியிருப்பு. சாம்பாரில் முருங்கைக்காய் மட்டும்.

ஜூன் 9, ஞாயிறு

போன வாரம் கொண்டுபோன பிளாஸ்டிக் பையின் காது அறுந்துவிட்டதால் இன்று நல்லம்மாவின் சந்தைப் பையை எடுத்துப் போனேன். அது நானே தைத்தது. பஸ் சீட்டுக்குப் போட்டு மிஞ்சிய சிவப்பு ரெக்சின். ஊரில் இரண்டாவது கிடையாது.

இந்த வாரம் புத்தியோடு நடந்துகொண்டேன். வாங்காமல் ஒரு சுற்று சுற்றி விலை கேட்டேன். நிறுத்து வாங்குவதைவிடக் கூறு கட்டி வைத்திருப்பது மலிவு. கூறுகளில் மேலே நல்லது, அடியில் அழுகல். கல்யாணத்துக்கு முன்னால் கொடுக்கிற ஜாதகம் மாதிரி. ஆகையால் கூறைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எண்ணூற்று நாற்பதில் முடிந்தது. என் காசு இருநூறுதான் போனது. முன்னேற்றம்.

திரும்பும்போது, வெங்காய வரிசையிலிருந்து ஒரு பெண் கையைக் கையை ஆட்டினாள். ஐம்பது வயசு இருக்கும். பெயர் ராசாத்தி என்று பிறகு தெரிந்தது. தொண்டையிலிருந்து காற்றுதான் வருகிறது, குரல் வரவில்லை.

“அது நல்லம்மாக்கா பையில்ல? உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

“கட்டிக்கிட்டேன், பையும் சேந்து வந்துச்சு.”

அவ்வளவுதான். பக்கத்துக் கடைக் கீரைக்காரி எழுந்தாள், எதிரே தேங்காய்க்காரன் எழுந்தான். “நாச்சிமுத்துத் தாத்தாவா? அந்த நாச்சிமுத்துவா?”

“எந்த நாச்சிமுத்து?”

“மீசை நரைச்சுருச்சுன்னு பஸ்ஸுக்கு அடிக்கிற கறுப்பு பெயிண்ட்டை அடிச்சு, அப்புறம் மண்ணெண்ணெய் போட்டும் போவாம, மீசையையே எடுத்தவரு!” என்றாள் கீரைக்காரி.

“பொண்ணு பாக்கப் போன வீட்டுல வடையை ஜோப்புல போட்டு, எண்ணெய்க் கறையோட நிச்சயம் பண்ணுனவரு!” என்றான் தேங்காய்க்காரன்.

வரிசையே சிரித்தது. எலுமிச்சம்பழம் வாங்க வந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாவும் சிரித்தாள்.

இரண்டும் உண்மைதான். வடை இரண்டு. அது அவர்களுக்குத் தெரியவில்லை.

ஜூன் 10, திங்கள்

யாரோடும் பேசவில்லை. கோகிலா எனக்கு ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 12, புதன்

சாப்பிடும்போது மெதுவாகக் கொக்கி போட்டேன்.

“சந்தையில நீ யாருகிட்டயாவது பேசுவியா?”

“வெலை கேப்பேன்.”

“வேற?”

“கொறைச்சுக் கேப்பேன்.”

முகத்தில் ஒரு மடிப்புக்கூட இல்லை. இந்த வீட்டில் நான் பேசி முடித்து மிச்சம் இருந்தால்தான் அவளுக்கு வாய் திறக்க இடம் கிடைக்கும் என்று சிவராஜ் சொல்வான். வாயில்லாப் பூச்சி என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஐம்பது நிமிடத்தில் காயை வீட்டில் போட்டுவிட்டு (என் காசு இன்று நூற்றைம்பது), பஞ்சர் ஒட்டப் போவதாகச் சொல்லிச் சந்தைக்கே திரும்பிப் போனேன். ராசாத்தி முன்னால் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.

“உள்ளதைச் சொல்லு. மூணரை மணி நேரம் அவ இங்க என்ன பண்றா?”

அவள் வெங்காயக் குவியலைச் சரி செய்தாள். பிறகு சொன்னாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ராசாத்திக்குக் கழுத்தில் ஆபரேஷன். குரல் போய்விட்டது. சந்தையில் கூவாதவளிடம் யார் வருவார்கள்? வெங்காயம் முளைவிட்டுக் கிடந்திருக்கிறது. காய் வாங்க வந்த நல்லம்மா ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா ஒரு குரல் கொடுத்திருக்கிறாள். அரை மணியில் ஒரு மூட்டை காலி. அன்றிலிருந்து தன் காயை அரை மணியில் வாங்கி முடித்துவிட்டு மூன்று மணி நேரம் இங்கேதான். கூவுவாள், நிறுப்பாள், வருகிறவர்களைக் கிண்டல் பண்ணிச் சிரிக்க வைப்பாள். கூலி காசாக வாங்க மாட்டாள். கிளம்பும்போது ராசாத்தியும் வரிசையில் மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் காய் அள்ளிப் பையில் போடுவார்கள்.

எழுநூறு ரூபாய்க்குப் பை எப்படி அப்படி நிறைந்தது என்று இப்போது புரிந்தது.

“எங்ககிட்ட ஏன் மறைக்கணும்?”

“தம்பி சூப்பர்வைசர் ஆனப்ப, ‘அம்மா, நீ இனிமே யாருகிட்டயும் வேலைக்குப் போகக் கூடாது, எனக்கு அசிங்கம்’னு சத்தியம் வாங்குனாராமே.”

“சரி, அவன்கிட்ட மறைச்சா. என்கிட்ட?”

ராசாத்தி காற்றாகச் சிரித்தாள். “உங்ககிட்டச் சொல்றதும் டவுன்ஹால்ல மைக் வெச்சுச் சொல்றதும் ஒண்ணுன்னு சொல்லுவாங்க.”

அவளுக்கு முன்னால் மூன்று மூட்டை வெங்காயம் அப்படியே இருந்தது. மூன்று வாரமாக இப்படித்தானாம். நானும் வாய் உள்ளவன்தானே என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தேன். ஒரு குண்டான ஆள் வந்து அரைக் கிலோ கேட்டார். “உங்களுக்கு அரைக் கிலோ எந்த மூலைக்குங்க?” என்றேன். போய்விட்டார்.

“நீங்க எந்திரிச்சுப் போயிருங்க அண்ணா” என்றாள் ராசாத்தி.

ஜூன் 18, செவ்வாய்

இட்லி சாப்பிடும்போது சிவராஜ் தீர்ப்புச் சொன்னான்.

“அப்பா அறுநூத்தி நாப்பதுல, அம்பது நிமிஷத்துல முடிச்சுடறாரு. நீ எழுநூறு, மூணரை மணி நேரம். எதுக்கும்மா வெயில்ல அலையணும்? கட்டுப் பிரிச்சப்புறமும் நீ போவ வேணாம். அப்பாவே போகட்டும்.”

“ஆமா அத்தை, நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க” என்றாள் கோகிலா. பிரியத்தோடுதான் சொன்னாள். அதுதான் தொந்தரவு.

நல்லம்மா, “சரிப்பா” என்றாள். என் தட்டுக்குச் சட்னி ஊற்ற வந்தவள், ஊற்றாமலே கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

இன்று வெயில் அதிகம். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 20, வியாழன்

நேற்றும் இன்றும் நான் மூன்று தடவை அவளைச் சீண்டினேன். ஒரு தடவைகூட எதையும் எடுத்து எறியவில்லை. டி.வி. ஓடுகிறது, அவள் சுவரைப் பார்க்கிறாள்.

ஒரு யோசனை இருக்கிறது. நான் தோற்றுவிட்டால் வேலை அவளிடம் திரும்பிப் போகும். தோற்பது என்ன பெரிய வித்தையா?

ஜூன் 23, ஞாயிறு

பெரிய வித்தைதான்.

தக்காளிக் கடையில் ஓரமாக ஒரு கூடை ஒழுகிக்கொண்டிருந்தது. “அதுல ரெண்டு கிலோ போடு” என்றேன்.

“தாத்தா, அது மாட்டுக்கு வெச்சிருக்கோம்.”

“மாட்டுக்கு வெச்சதையே குடு.”

“நல்லம்மாக்கா வீட்டுக்கு இதைக் குடுத்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு என்னைக் கிழிச்சுருவாங்க தாத்தா. நல்லதா எடுத்துக்கங்க, காசு வேணாம்.”

போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது. முற்றிய வெண்டைக்காய், பூத்துப்போன கீரை, காற்றடைத்த முள்ளங்கி. நாலு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போய் ஆயிரத்து நூறு ரூபாய் என்றேன். காசு அவ்வளவு ஆகவில்லை. சொல்வதுதானே?

கோகிலா பையைக் கவிழ்த்துவிட்டு மூக்கைப் பொத்தினாள். நல்லம்மா முள்ளங்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

சிவராஜ் பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தான். இந்தக் கை வைப்பது எனக்குப் பிடிக்காது.

“அப்பாவுக்கும் வயசாயிருச்சு கோகிலா. வெயில் தாங்கல. அடுத்த வாரத்துலருந்து போன்லயே சொல்லிரலாம். யாரும் போவ வேணாம்.”

ஒடுக்கு எடுக்கப் போய்த் தகரத்தையே ஓட்டை போட்டுவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

போனில் சொன்ன காய் இருபது நிமிடத்தில் வந்தது. ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்று நானே பிரித்தேன். ஒரு சொத்தைகூட இல்லை. கத்திரிக்காய் எல்லாம் ஒரே அளவு, பட்டறையில் அச்சு வைத்து அடித்த மாதிரி. கொண்டு வந்த பையன் ஷூ கழற்றாமல் வாசலிலேயே நின்று நன்றி வேறு சொன்னான். இவனை எப்படித் திட்டுவது?

தொள்ளாயிரத்து இருபது. கோகிலா உதட்டைக் கடித்தாள். “மாமா அறுநூத்தி நாப்பதுல வாங்குனாரே” என்றாள். சிவராஜ், “நேரம் மிச்சமாகுதுல்ல?” என்றான்.

நேரத்தை மிச்சம் பிடித்து இந்த வீட்டில் என்ன செய்தோம் என்று பார்த்தேன். சிவராஜ் தூங்கினான். கோகிலா துணி மடித்தாள். நல்லம்மா ஏழு மணியிலிருந்து பத்தரை வரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 7, ஞாயிறு

அதே. தொள்ளாயிரத்து ஐம்பது. ராசாத்தியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆடியோடு கடையை விட்டுவிட்டு ஏதாவது மில்லில் கூட்டிப் பெருக்கப் போகலாமா என்று யோசிக்கிறாளாம். நல்லம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். கை வெளுத்து, பட்டாணித் தோல் மாதிரி இருக்கிறது. டாக்டர் விரலை மடக்கச் சொன்னார். மடக்கினாள். “இனி எல்லா வேலையும் பார்க்கலாம்” என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பஸ்ஸில் வரும்போது அந்தக் கையை மடியில் வைத்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஜூலை 12, வெள்ளி

காலையில் எல்லோரும் இருந்தார்கள். கோகிலா ஞாயிற்றுக்கிழமைக்குப் போனில் காய் குறித்துக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

“அந்த அறுநூத்தி நாப்பது பொய்.”

“என்னது?” என்றான் சிவராஜ்.

“தொள்ளாயிரத்துப் பத்து. அடுத்த வாரம் எண்ணூத்தி நாப்பது. மிச்சமெல்லாம் என் பென்ஷன். அறுநூத்திச் சொச்சம் கத்திரிக்காய்ப் புழுவுக்கு மொய் வெச்சிருக்கேன்.”

கோகிலா போனைக் கீழே வைத்தாள். “மாமா! ஏன் மாமா இப்படி?”

“உங்க அத்தையை ஜெயிக்கணும்னுதான். நாப்பத்தெட்டு வருஷத்துல ஒண்ணுலயாவது ஜெயிச்சாத் தேவலைன்னு பாத்தேன். முடியல.”

சிவராஜுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. எழுபத்து மூன்று வயதில் மருமகள் முன்னால் திருட்டுக் கணக்கு ஒப்புவிப்பது, சட்டையில்லாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

“அப்ப எழுநூறுக்கு அத்தை மட்டும்தான் வாங்க முடியுமா?” என்றாள் கோகிலா. அவள் மனசுக்குள் மாசத்துக்கு எவ்வளவு என்று ஓடுவது தெரிந்தது. நல்ல பிள்ளை.

“அவ மட்டும்தான். கலெக்டரே போனாலும் தொள்ளாயிரம்.”

“இருந்தாலும் அம்மா அந்த வெயில்ல மூணரை மணி நேரம் நிக்கணுமே அப்பா” என்றான் சிவராஜ்.

“எங்க நிக்கறா? சாக்கு மேல உக்காந்துதான...”

நாக்கைக் கடித்தேன். நல்லம்மா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள்.

“யாரு சாக்கு?” என்றான் அவன்.

“கடைக்காரங்க சாக்குதான். வயசானவங்க வந்தா உக்காரச் சொல்லிப் போட்டுக் குடுக்கறாங்க. எனக்கே போட்டாங்க. தாசில்தார் ஆபீஸ்ல போடுவானா?”

அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். கோகிலா, “விடுங்க, அத்தையே போகட்டும். அத்தைக்கும் ஒரு நாள் வெளிய போன மாதிரி இருக்கும்” என்று முடித்துவிட்டாள். கெட்டிக்காரி.

அவர்கள் வேலைக்குப் போன பிறகு நல்லம்மா என் முன்னால் வந்து நின்றாள்.

“வேற யாரு என்ன சொன்னாங்க உங்ககிட்ட?”

“வெலைதான் சொன்னாங்க.”

“வேற?”

“கொறைச்சுச் சொன்னாங்க.”

கட்டுப் பிரித்த கையால் என் மண்டையில் ஒன்று வைத்தாள். டாக்டர் சொன்னது சரி. எல்லா வேலையும் பார்க்கலாம்.

ஜூலை 14, ஞாயிறு

ஏழு மணிக்குச் சிவப்புப் பையோடு கிளம்பினாள். எட்டரை வரை பொறுத்தேன். பிறகு சைக்கிளை எடுத்தேன்.

சந்தை வாசலிலேயே கேட்டுவிட்டது. நாற்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அந்தக் குரலை நான் கேட்டதில்லை. தகரத்தில் சுத்தியல் விழுகிற மாதிரி, கணீரென்று.

“வாங்க வாங்க! உரிக்கையில அழ வைக்கும், ஒரைக்கையில சிரிக்க வைக்கும்! எங்க வீட்டுக்காரரு மாதிரி இல்லைங்க, உள்ளயும் நல்லாருக்கும்! வாங்க!”

அவளைச் சுற்றி ஒரு கூட்டம். ராசாத்தி பின்னால் உட்கார்ந்து மூட்டை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. தலையைத் தூக்கினாள். ஒரு நொடி கை தராசின் மேல் நின்றது. அவ்வளவுதான்.

“சொல்லுங்க ஐயா, எவ்வளவு?” என்றாள்.

“கிலோ என்ன வெலைங்கம்மா?”

“அறுவது.”

“அம்பதுன்னு போடுங்க.”

“அம்பதுக்கு வேணும்னா அந்தப் பக்கம் மாட்டுக்கு வெச்சிருக்காங்க, அங்க போங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா அங்க பழக்கமான ஆளு மாதிரிதான் தெரியுது.”

கூட்டம் ஓவென்று சிரித்தது. கீரைக்காரிக்கு என்னைத் தெரியும். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“அம்பத்தஞ்சு” என்றேன். “வயசானவன்மா.”

“நானும் வாலிபப் பொண்ணு இல்லைங்க. அறுவது. வேணுமா, பின்னால ஆளுங்க நிக்கறாங்க.”

“ஒரு கிலோ போடுங்க.”

எடுத்துப் போட்டாள். தராசு ஒரு கிலோவைத் தாண்டியது. ஒரு வெங்காயம் கூடுதலாக விழுந்திருந்தது, அதை எடுத்துக் குவியலில் போட்டுச் சரியாக ஒரு கிலோ ஆக்கினாள். என் கையிலிருந்து நூறு ரூபாயை வாங்கி, நாற்பதை எண்ணிக் கொடுத்தாள். நான் நகர்வதற்குள் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து வெங்காயத்தைச் சமையலறையில் வைத்தேன்.

“மாமா, அத்தைதான் வாங்கிட்டு வருவாங்களே. எவ்வளவுக்கு வாங்குனீங்க?” என்றாள் கோகிலா.

“அறுவது.”

“ஐயோ, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க மாமா!”

“ஆமாம்மா. அந்தக் கடைக்காரம்மா பயங்கரமான ஆளு” என்றேன். “அடுத்த வாரமும் போய் ஒரு கை பாக்கணும்.”